முற்றத்தில் நெலு வளர்த்தல்: ஒரு பன்னிரண்டாண்டு ஆய்வுக்கான முன்வரைவு

இலங்கை மலையகத்தில், புசல்லாவைக் கடைவீதியிலிருந்து எந்தத் தோட்டப் பாதையில் ஏறினாலும் லயத்து வாசல்களில் பூச்செடிகள் நிற்கும். பெயின்ட் வாளி, பால்மா டின், கைப்பிடி உடைந்த குடம் என்று மண் கொள்ளக்கூடிய எதுவும் அங்கே பூச்சட்டிதான். ஆனால் அவற்றில் நிற்பவர்களின் பூர்வீகத்தை விசாரித்தால் ஓர் ஆய்வாளனுக்குத் தூக்கம் போய்விடும். டேலியா மெக்சிக்கோக்காரி. ஹைட்ரேஞ்சியா ஜப்பான்காரி. ஜெரேனியம் தென்னாபிரிக்காவிலிருந்து வந்தவள். இந்த மலையிலேயே பிறந்து, இந்த மலையிலேயே செத்து, இந்த மலையிலேயே மறுபடி முளைக்கும் நெலுவுக்கு மட்டும் எந்த வாசலிலும் ஒரு டின் கிடைத்ததில்லை. ஏன் கிடைக்கவில்லை, கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த ஆய்வின் பொருள். நாட்டுக்கு இதனால் பயன் உண்டா என்ற கேள்வி ஆய்வின் எல்லைக்கு வெளியே வைக்கப்படுகிறது.

நெலு என்பது தமிழர் குறிஞ்சி என்று கொண்டாடும் பூவின் சித்தப்பா மகள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மூணாறிலும் மலையை நீலமாக்குவது நீலக்குறிஞ்சி. இலங்கையின் மலைக்காடுகளில் மரங்களுக்கு அடியில் புதராக அடர்ந்து நிற்பது அதே பேரினத்தின் ஏறத்தாழ முப்பது இனங்கள். பேரினத்துக்கு ஸ்ட்ரோபிலாந்தஸ் என்று 1826 இல் பெயரிட்டவர் புளூம் என்ற தாவரவியலாளர். அதன் பிறகு நடந்ததுதான் ருசிகரம். பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர்களாக அடுத்தடுத்து இருந்த கார்ட்னர், த்வெயிட்ஸ், டிரைமன், வில்லிஸ் ஆகிய நால்வரில் பலரின் பெயரிலும் ஆளுக்கொரு நெலு இருக்கிறது. ஹக்கலைப் பூங்காவைப் பார்த்துக்கொண்ட வில்லியம் நொக் பெயரிலும் ஒன்று. பதவியோடு பங்களா, குதிரை, ஒரு நெலு என்று நியமனக் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்தார்களோ என்று சந்தேகம் எழுகிறது. மூட்டை சுமந்து அவர்களுக்குக் காடு காட்டியவர்கள் பெயரில் நெலு எதுவும் தென்படவில்லை.

நெலுவின் குணம் சுலபமாகச் சொல்லிவிடக்கூடியது, நம்புவதுதான் கடினம். பேரினத்தில் ஆண்டுதோறும் பூக்கிற இனங்களும் உண்டு. ஆனால் பெயர்பெற்ற நெலு இனங்கள் பல ஆண்டுகள் வெறும் இலையாகவே நிற்கும். பிறகு ஒரு பருவத்தில், ஒரு மலையில் உள்ள அந்த இனத்துச் செடிகள் எல்லாம் சேர்ந்து பூக்கும், காய்க்கும், விதை சிந்தும், கூண்டோடு சாகும். பன்னிரண்டு ஆண்டு என்பது பலராலும் சொல்லப்படும் கணக்கு. ஹோர்ட்டன் சமவெளியில் 2013 இல் நெலு பூத்தபோது பார்க்கப் போனவர்களின் வாகன வரிசை பூவைவிட நீளமாக இருந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

இங்கே இலக்கியத் துறையினருக்கு ஒரு விண்ணப்பம். ஐந்து திணைகளில் குறிஞ்சிக்கு உரியது புணர்தல், முல்லைக்கு உரியது இருத்தல், அதாவது காத்திருத்தல். பன்னிரண்டு ஆண்டு காக்கவைக்கும் பூவைக் கூடலுக்கும், வருடம் தவறாமல் மாலையில் மலரும் பூவைக் காத்திருத்தலுக்கும் பங்கிட்டது யார்? கொடுக்கல் வாங்கலில் பைகள் மாறிவிட்டன என்பது இந்த ஆய்வின் துணிபு. குறிஞ்சிப் பூவை நம்பித் தலைவன் நாள் குறித்திருந்தால் அகத்திணையில் பாதிக்கு மேல் நடந்தே இராது.

இத்தனை காலம் ஒரு செடி ஏன் பொறுத்திருக்க வேண்டும்? மூங்கில் ஏன் இவ்வளவு தாமதித்துப் பூக்கிறது என்று 1976 இல் டானியல் ஜான்சன் என்ற சூழலியலாளர் எழுதிய கட்டுரையில் இருக்கும் விளக்கம் நெலுவுக்கும் பொருந்தும். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விதை போட்டால், தின்பவை ஆண்டுதோறும் வந்து எல்லாவற்றையும் தின்றுவிடும். பல ஆண்டு பட்டினி போட்டுவிட்டு ஒரே தடவையில் மலை கொள்ளாமல் கொட்டினால், தின்பவை வயிறு வெடிக்கத் தின்ற பிறகும் மிச்சம் இருக்கும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 13 ஆண்டும் 17 ஆண்டும் மண்ணுக்குள் இருந்துவிட்டுக் கோடிக்கணக்கில் வெளியே வரும் சிக்காடாப் பூச்சிகளுக்கும் இதே தந்திரம்தான் சொல்லப்படுகிறது. இலங்கையில் இந்த விருந்துக்கு முதலில் வருவது காட்டுக்கோழி. நெலு விதையைத் தின்ற காட்டுக்கோழி மயங்கித் தள்ளாடும், கையாலேயே பிடிக்கலாம் என்று வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள்.

இரண்டாவது விருந்தாளி எலி. இதில்தான் தாவரவியல் நமது குடும்ப வரலாற்றுக்குள் நுழைகிறது.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளியிட்ட நூலும் 1861 இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலும் இத்துறையின் மூல ஆவணங்கள். அவர் சொல்வது இது: காட்டில் வாழும் ஒருவகை எலிக்கு நெலுதான் உணவு. நெலு செத்துப்போன காலங்களில் அந்த எலிகள் கூட்டம் கூட்டமாகக் கோப்பித் தோட்டங்களில் இறங்கிவிடும். தன் எடையைத் தாங்காத சின்னக் கிளைகளைக் கத்தி வைத்தாற்போல் அறுத்துத் தள்ளி, கீழே விழுந்த மொட்டையும் பூவையும் தின்னும். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்டதுண்டு. அடுத்த வரியில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் வருகிறார்கள். எலிகளைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறி வைத்தும் தின்பார்கள், எலி வரும் தோட்டங்களையே வேலைக்கு விரும்புவார்கள் என்பது அவர் சாட்சியம்.

எலியின் பல் கூர்மையை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தவர், அந்தத் தொழிலாளியின் சம்பளத்தில் அரிசிக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதையும் அதே பத்தியில் எழுதியிருக்கலாம். எலிக்கறி விருப்பமா கட்டாயமா என்பதற்கு அந்தக் கணக்கே சிறந்த சான்றாக இருந்திருக்கும்.

புசல்லாவை இந்தக் கதையின் ஓரத்தில் அல்ல, நடுவிலேயே இருக்கிறது. 1841 இல் டி வோர்ம்ஸ் சகோதரர்கள் இங்கே தங்கள் உறவினர் பெயரால் ரொத்சைல்ட் தோட்டத்தைத் திறந்தார்கள். சீனத்திலிருந்து கொண்டுவந்த தேயிலைக் கன்றுகளையும் அங்கே நட்டுப் பார்த்தார்கள். மலையெங்கும் காடு வெட்டப்பட்டது; கோப்பி வந்தது. 1869 இல் இலைத்துரு நோய் தலைகாட்டி, சில ஆண்டுகளில் கோப்பியை ஒழித்துக் கட்டியது. தேயிலை மலையை எடுத்துக்கொண்டது. அந்தத் தேயிலையும் நெலுவைப்போலப் பல்லாண்டுச் செடிதான். கொழுந்து கிள்ளியும் கவ்வாத்து வெட்டியும் அதைப் பூக்கவிடாமல் வைத்திருக்கிறோம். நூறு ஆண்டு தாண்டியும் உயிரோடு நிற்கிறது. நெலு ஒரே முறை பூக்கிறது, உடனே செத்துவிடுகிறது. இந்த இரண்டு வாழ்க்கையில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல ஆய்வாளனுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பூத்துக் கிடக்கும் தேயிலை மலையைக் கண்டால் துரைக்குக் கோபம் வரும் என்பது பதிவு செய்யப்பட வேண்டிய உண்மை.

இனி வளர்ப்பு முறை. ஹோர்ட்டன் சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவானது. அங்கிருந்து ஒரு காயைச் சட்டைப்பையில் போட்டு வந்தாலும் குற்றம். எனவே தோட்ட எல்லையில் மிஞ்சிய காட்டுத் துண்டின் ஓரத்தில் தானாக முளைத்த கன்றை உரியவரிடம் கேட்டு எடுப்பதே நேர்மையான வழி. விதை கிடைத்தால் அவசரப்பட வேண்டும். காயில் பெரும்பாலும் நான்கு விதைதான். காய் உலர்ந்ததும் பட்டென்று வெடித்து விதையை எறிந்துவிடும். ஆகவே வெடிக்கும் முன்பே மெல்லிய துணியில் கட்டிவைப்பது நல்லது. விதையின் மேல் உள்ள மயிர்கள் ஈரம் பட்டதும் குழகுழவென்று விரிந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆழப் புதைக்கத் தேவையில்லை, மேலாக வைத்தால் போதும்.

மண் பிரச்சினை இல்லை. தேயிலைக்குப் பிடித்த அமில மண்ணே இதற்கும் பிடிக்கும். அதன் மேல் காட்டு இலை மக்கு இருந்தால் இன்னும் நல்லது. முழு வெயில் ஆகாது. கிரவிலியா மர நிழல்போல் வெயிலும் நிழலும் கலந்து விழும் இடம் வேண்டும். உரம் வேண்டாம், காட்டில் அதற்கு எவரும் மூட்டை பிரித்ததில்லை. கவ்வாத்து கூடவே கூடாது. கத்தியைக் கண்டதும் கை அரிக்கும் ஊர் என்பதால் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். உயரம்தான் உண்மையான இடைஞ்சல். நெலுக்காடு செழிப்பது ஹக்கலை, பிதுருதலாகலை, ஹோர்ட்டன் சமவெளி போன்ற குளிர்ந்த உச்சிகளில். ஏறத்தாழ மூவாயிரம் அடியில் இருக்கும் புசல்லாவைக் கடைத்தெருவைவிட, மேலே பனி இறங்கும் டிவிசன்களில் வெற்றி வாய்ப்பு அதிகம். கோடையில் வேர் காயாமல் பார்த்துக்கொண்டால் மற்றபடி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பதை அடுத்தடுத்துப் பன்னிரண்டு ஆண்டு செய்ய வேண்டும். அங்கேதான் ஆய்வு சிக்கிக்கொள்கிறது. ஒரு செடியை ஓரிடத்தில் பன்னிரண்டு ஆண்டு வைத்திருக்க, அந்த இடம் பன்னிரண்டு ஆண்டு ஒருவர் கையில் இருக்க வேண்டும். 1964 இல் ஒரு லயத்து வாசலில் ஒரு நெலு முளைத்ததாக வைத்துக்கொள்வோம். அதே ஆண்டு ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவுக்கு என்று முடிவானது. செடி 1976 இல் பூத்தபோது, தண்ணீர் ஊற்றியவர் தலைமன்னாருக்கு ரயில் ஏறியிருக்கலாம். தோட்டமும் அதற்கு முந்தைய ஆண்டு கம்பனிகளிடமிருந்து அரசுக்குப் போயிருந்தது. அதன் பிள்ளை 1988 இல் பூத்தபோது அரசு நிர்வாகம். பேரன் 2000 இல் பூப்பதற்குள், 1992 இல், நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியாயிற்று. 1948 இல் பறிபோன குடியுரிமை எஞ்சியிருந்தவர்களுக்கும் சட்டப்படி வந்துசேர்ந்தது 2003 இல். நெலுவிடம் மட்டும் யாரும் ஒரு பத்திரமும் கேட்டதில்லை.

அண்மைக் காலத்தில் நிலைமை சற்று மாறியிருக்கிறது. வீடமைப்புத் திட்டத்தில் வரும் ஏழு பேர்ச் காணி சுமார் 1,905 சதுர அடி. 550 சதுர அடி வீடு போக மிஞ்சுவது 1,355. அதில் கோழிக்கூடு, போஞ்சிக் கொடி, துணி காயும் கயிறு, சாமி மாடம் எல்லாம் கழித்தாலும் ஒரு நெலுவுக்கு இடம் இருக்கும். உறுதிப் பத்திரம் கையில் வந்த வீட்டிலேயே பரிசோதனையைத் தொடங்குவது அறிவியல் முறைக்கு உகந்தது.

பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் யாராவது இதைக் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ள விரும்பினால், நான்கு ஆண்டில் அவருக்குக் கிடைக்கும் தரவு இலை மட்டும் என்று எச்சரிக்க வேண்டும். பழநிமலைப் பளியர்கள் தம் வயதைக் குறிஞ்சி பூத்த கணக்கில் சொல்வார்கள் என்பர். அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்தால், கொழுந்தெடுக்கும் பெண் ஊழியர் சேமலாப நிதியைப் பெறும் ஐம்பது வயது என்பது நான்கு பூவும் கொஞ்சமும். முதல் பூ பள்ளிக்கூடத்தில், இரண்டாவது கல்யாணத்தை ஒட்டி, மூன்றாவது பிள்ளைகளின் பரீட்சைக் காலத்தில், நான்காவது முழங்கால் வலியோடு.

பூத்து முடிந்த செடி காயும்போது நோய் என்று எண்ணி மருந்து அடிக்க வேண்டாம். காய்ந்த தண்டை அடுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்; அடியில் உள்ள மண்ணை மட்டும் கொத்தக்கூடாது. அடுத்த மழையில் அங்கே கன்றுகள் நெருக்கமாக முளைக்கும், பார்ப்பதற்குச் சாதாரணக் களைதான். புல்லு வெட்டும் கொந்தரப்புக்காரர் சுரண்டியோடு வருவதற்குள் நான்கு குச்சி ஊன்றிச் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். அந்தத் துணி எதற்குக் கட்டியது என்று பதினோராவது ஆண்டில் புதிதாக வரும் கணக்கப்பிள்ளைக்கு யார் சொல்வது என்பதை அடுத்த ஆய்வாளர் எடுத்துக்கொள்ளலாம்.