நடையும் நடத்துதலும்

கே: வீரராக ஜெர்மன் கால்பந்தின் முதல் பிரிவில் ஒரு பந்தயம்கூட ஆடாத பயிற்சியாளர் யூர்கன் க்ளோப், உலகப் புகழ் பெற்ற வீரர்களுக்கு எதைக் கற்பித்துவிட முடியும்?

ப: நடைப்பயிற்சியை ஆராய்ந்து பிராங்க்பர்ட் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றவருக்கு, ஓர் அணியை நடத்தவா தெரியாது?

மைன்ஸ் சங்கத்துக்காக 1990 முதல் ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பந்தயங்கள் ஆடி, கோலடிக்கும் முன்வரிசையில் தொடங்கிப் பின்னர் தற்காப்பு வரிசைக்கு வந்து, களத்தின் இரு பக்கத்துக் கஷ்டங்களையும் தம் தேகத்தாலேயே அனுபவித்த அம்மனிதர், 2001 பிப்ரவரியில், கீழ்ப் பிரிவுக்குச் சரியும் அபாயத்திலிருந்த அதே சங்கத்தின் பயிற்சிப் பொறுப்பை ஏற்று, 2004-இல் அதன் சரித்திரத்திலேயே முதன்முறையாக அதனை முதல் பிரிவுக்கு உயர்த்தினார். பிறகு டார்ட்மண்ட் 2011, 2012 ஆகிய இரு வருஷங்களிலும் தேசிய வாகை சூடியதும், லிவர்பூல் 2019-இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கையும், முப்பது வருஷக் காத்திருப்புக்குப் பின் 2020-இல் இங்கிலாந்து லீக் பட்டத்தையும் வென்றதும் அவர் பயிற்சியிலேதான்.

பிறவியிலேயே வித்தை வாய்த்தவருக்கு, அது வாய்க்காதவரின் சிரமம் எளிதில் விளங்குவதில்லை. கஷ்டப்பட்டுக் கற்றவரோ, கற்ற வழியின் ஒவ்வொரு படியையும் பிறருக்குக் காட்ட வல்லவராகிறார்.