வாத்தியார் தம்பி கனடா போறார்

தம்பி, உமக்குச் சூப்பர் விசா வந்திட்டுதாம். நீர் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. உம்மட மனிசி சுன்னாகச் சந்தையிலை பாவக்காய்க்குப் பேரம் பேசேக்கை, ‘ஸ்காபரோவிலை இது என்ன விலையோ தெரியேல்லை’ எண்டு ஒரு பெருமூச்சு விட்டவ. பிறகென்ன, உதயன் பேப்பரிலை விளம்பரம் போடுற காசு உமக்கு மிச்சம்.

அண்டையிலையிருந்து உம்மட விறாந்தையிலை நாலு சூட்கேஸ் வாயைத் திறந்துகொண்டு கிடக்குது. நீர் மூக்குக்கண்ணாடியும் கொப்பியுமாய்ப் பெட்டிக்குப் பெட்டி நடந்து இடாப்புக் கூப்பிடுறீர். ‘ஒடியல் மா?’ இருக்கு. ‘புழுக்கொடியல்?’ இருக்கு. ‘பனங்கட்டி?’ ரெண்டு குட்டான் இருக்கு. ‘எள்ளுப்பாகு?’ அது மட்டும் வரேல்லை; பாதி உம்மட வாயுக்கை நிக்குது. பள்ளிக்கூடம் விட்டு வந்தும் அதிபர் வேலை உம்மை விடேல்லை.

பெட்டி கட்ட யாழ்ப்பாணத்தானுக்குப் படிப்பிக்க வேணுமோ எண்டு நீர் கேக்கலாம். நியாயந்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்க, இடம்பெயரச் சொல்லி ஒலிபெருக்கியிலை அறிவிக்க, மழையுக்கை வலிகாமமே ஒரு இரவிலை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. லட்சக்கணக்கிலை சனம் நாவற்குழிப் பக்கத்தாலை தென்மராட்சிக்கு நகர்ந்தது. உம்மட மனிசி அரிசி மூட்டையைச் சைக்கிள் கரியரிலை கட்டினவ. நீர் சேட்டிபிக்கற் பைலை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு நிண்டீர். எல்லாம் எனக்கு நினைவிருக்கு. ஆனால் தம்பி, அது ஓடுறதுக்குக் கட்டின கட்டு. ‘இனி இந்த வாசற்படியைக் காணுவமோ’ எண்ட பயத்திலை வீட்டையே பெட்டிக்குள்ளை தள்ளுற பழக்கம் அண்டைக்கு வந்தது, இன்னும் எங்களை விட்டுப் போகேல்லை. இது ரிட்டேண் ரிக்கற் எடுத்த பயணம். திரும்பி வாற மனிசன் கட்டிற மாதிரிக் கட்டும். நான் சொல்லுறது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதுக்கு உரை.

முதலிலை நாளைப் பாரும். பிள்ளையளைப் பாக்கப் போற தாய் தேப்பனுக்குக் கனடாக்காரன் குடுக்கிற இந்தச் சூப்பர் விசா 2011 டிசெம்பரிலை தொடங்கினது. முந்தி ஒருக்காப் போனால் ரெண்டு வருசம் இருக்க விட்டவை. 2022 யூலையிலையிருந்து ஐஞ்சு வருசம். இருக்கலாம் எண்டுதான் சொல்லுறான், இருக்கத்தான் வேணும் எண்டு சொல்லேல்லை. ஐஞ்சு வருசம் மருமோன் வீட்டிலை இருக்கிறவனை மருமோன் விட்டாலும் மாரி விடாது. முதல் பயணத்துக்கு ஆறு மாசம் தாராளம். வைகாசியிலை போய் ஐப்பசியிலை திரும்பும். ஆனால் உம்மட மனிசி கார்த்திகையிலை போகவேணும் எண்டு நிக்கிறா, ஏனெண்டால் மச்சாளின்ர மகள் அனுப்பின படத்திலை வெண்பனி வடிவாய் இருக்குதாம். தை மாசம் சிலநாள் -20 பாகையிலை நிண்டு அந்த வடிவைப் பாக்கட்டும். நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டியும் ரிக்கற் போடாதையும். அந்த 25 நாளும் கனடாவிலை பாதி இஞ்சை வந்து நிக்கும். நீர் அங்கை போய் ஆரைப் பாக்கப் போறீர்?

இனிச் சாமான். கேளும், எங்கட வல்வெட்டித்துறையிலை கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938இலை அமெரிக்காவிலை குளொஸ்டர் துறைமுகம் மட்டும் போய்ச் சேந்தது. வல்வெட்டித்துறை ஆக்கள்தான் ஓட்டிக்கொண்டு போனவை. அத்திலாந்திக் சமுத்திரம் தாண்ட அவைக்கு ஒரு கப்பல் காணும். உமக்கு ஆகாயத்தாலை போக நாலு பெட்டியும் காணாது. 1986 ஆகஸ்டிலை நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அங்காலை ரெண்டு உயிர்காப்புப் படகிலை 155 தமிழர் மிதந்தவை. மீன்பிடிக்காரர் கண்டு ஏத்தினவை. அவையிட்டை எத்தினை கிலோ இருந்தது எண்டு ஒருத்தரும் நிறுத்துப் பாக்கேல்லை. அவையும், அவைக்கு முன்னும் பின்னும் வெறுங்கையோடை போன ஆக்களும்தான் இண்டைக்கு அங்கை கடை போட்டிருக்கினம், ரிச்மண்ட் ஹில்லிலை பிள்ளையாருக்குக் கோயில் கட்டியிருக்கினம். நீர் இஞ்சையிருந்து காவிக்கொண்டு போற ஒடியல் மா அங்கை கடையிலை, உம்மட மகளின்ர வீட்டுக்குக் கிட்ட, பைக்கற்றிலை அடுக்கிக் கிடக்கும். நீர் பெட்டியைத் திறந்து பெருமையாய் எடுத்து வைக்கேக்கை, பிள்ளை ‘ஐயோ அப்பா’ எண்டு சந்தோசப்படுறது மாதிரி நடிக்கும். நல்ல பிள்ளை, நீர் வளத்த வளர்ப்பு.

அப்ப என்னத்தைக் கொண்டு போறது? உம்மட மனிசி தன்ர கையாலை வறுத்து இடிப்பிச்ச மிளகாய்த்தூள். அது கடையிலை இல்லை. பிள்ளை பெத்த உடம்புக்குச் சரக்குத் தூள், கொண்டு போம். வேப்பம்பூ வடகம் கொஞ்சம், மோர்மிளகாய் கொஞ்சம். நிறுத்தும்.

நிறுத்த விடமாட்டினம் எண்டும் எனக்குத் தெரியும். ரிக்கற்றிலை ஆளுக்கு ரெண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ எண்டு போட்டிருக்கு. ஊருக்கு அது நல்லாத் தெரியும். உங்கள் ரெண்டு பேருக்கும் மொத்தம் 92 கிலோ இருக்கெண்டு ஒழுங்கை முழுக்கக் கணக்குப் பாத்து முடிச்சிட்டுது. நாளையிலையிருந்து ஒவ்வொருத்தராய் வருவினம், கையிலை ஒரு சொப்பிங் பையோடை. ‘சின்னப் பார்சல்தான் மாஸ்ரர், எங்கட பெடியனுக்கு.’ சின்னப் பார்சல் எண்டால் நாலு கிலோ. பெடியன் இருக்கிறது மொன்றியலிலை எண்டது அங்கை போனாப் பிறகுதான் தெரியும். வாங்காதையும் எண்டு சொல்லமாட்டன், பிறகு நீர் திரும்பி வந்து இந்த ஒழுங்கையாலைதானே நடக்கவேணும். ஆனால் ஒட்டின பார்சல் ஒண்டையும் ஒட்டினபடி வாங்காதையும். விமானத்தடியிலை ‘பெட்டியை நீரோ அடுக்கினீர்?’ எண்டு கேப்பான். உண்மையைச் சொல்லக்கூடிய மாதிரி, குடுக்கிறவைக்கு முன்னாலையே பிரிச்சு, பாத்து, நீரே அடுக்கும். ‘என்னை நம்பேல்லையோ’ எண்டு கோவிச்சுக்கொண்டு பார்சலைத் திருப்பிக் கொண்டு போறவை இருப்பினம். அதிலையும் நாலு கிலோ லாபம்.

கருவாடு கொண்டு போகலாமோ எண்டு மனிசி கேட்டவவாம். தாராளமாய். மீன் சாதி 20 கிலோ வரை விடுகினம். ஆனால் ‘சாப்பாட்டுச் சாமான் இருக்கோ’ எண்டு கேக்கிற இடத்திலை ‘ஓம்’ எண்டு சொல்லும். ஓம் எண்டவனுக்கு ரெண்டு கேள்வியோடை அலுவல் முடியும். இல்லை எண்டு சொல்லிப் பிடிபட்டால் 1,300 டொலர் வரை தண்டம். கருவாட்டைச் சீலைக்குள்ளை சுத்தி ஒளிக்கலாம், மணத்தை எங்கை ஒளிக்கிறது? அங்கை மோப்பம் பிடிக்கிறதுக்கெண்டே நாய் வைச்சிருக்கிறான்.

இன்னொண்டு. பேரனுக்குக் காட்ட ஊர் மண் ஒரு பிடி பொட்டளம் கட்டி வைச்சிருக்கிறீராம். எடுத்து வெளியிலை வையும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மண் கொண்டு போகேலாது, மண்ணோடை மரக்கன்றும் கொண்டு போகேலாது. எங்கட மண்ணிலை கிருமி இருக்குமெண்டு அவனுக்குப் பயம். இந்த மண்ணுக்காக நாங்கள் பட்டதெல்லாம் அவன்ர படிவத்திலை கேள்வியாய் இல்லை. பேரனுக்கு மண் காட்டவேணுமெண்டால் பேரனை இஞ்சை கூட்டிக்கொண்டு வாரும், வளவு முழுக்க அதுதானே கிடக்கு.

உம்மட சுருட்டைப் பற்றியும் விசாரிச்சன். 50 சுருட்டு தீர்வை இல்லாமல் விடுவான். ஆனால் பத்தவைக்க வீட்டுக்கு வெளியிலை போகவேணும். கார்த்திகைக்குப் பிறகு ஒரு சுருட்டுக் குடிச்சு முடிக்க மூண்டு சட்டை, ரெண்டு காலுறை, ஒரு தொப்பி போடவேணும். விட்டுவிடச் சொல்லி மனிசி முப்பது வருசமாய்ச் சொல்லி நடக்காத காரியத்தைக் கனடாக் குளிர் ஒரு கிழமையிலை செய்யும்.

குளிர்க் கோட்டு ஒண்டும் யாழ்ப்பாண ரவுணிலை வாங்காதையும். நுவரெலியாவுக்குப் போட்ட சுவெட்டரைப் போட்டுக்கொண்டு விமானத்திலை ஏறும். மிச்சம் மகள் விமானத்தடிக்குக் கொண்டு வருவா.

இனி நான் பகிடி விடாத இடம், மருந்து. கிளினிக்கிலை சின்ன உறையுக்கை எண்ணிப் போட்டுத் தாற குளிசையை அப்பிடியே கொண்டு போனால், அது என்ன குளிசை எண்டு அங்கை ஒருத்தருக்கும் தெரியாது. பேர் அச்சடிச்ச பெட்டியோடை வாங்கும். டொக்டரிட்டை இங்கிலீசிலை ஒரு கடிதம் எடும். 90 நாளுக்கு மேலை காணக்கூடிய மருந்து கொண்டு போக விடமாட்டான். அதைக் கைப்பையிலை வையும். பெரிய பெட்டி வழியிலை டோஹாவிலை தங்கிவிட்டால் உம்மட பிறசர் அதோடை தங்காது. காப்புறுதி ஒரு லட்சம் கனடா டொலருக்குக் குறையாமல், ஒரு வருசத்துக்குப் போடவேணும் எண்டது விசாச் சட்டம். விசா எடுக்கேக்கையே போட்டிருப்பீர், அந்தப் படிவத்திலை சலரோகத்தை ஒளிச்சிருந்தால் இப்பவே திருத்தும். கலியாணம் பேசேக்கை ஒளிச்ச மாதிரி இஞ்சை ஒளிச்சால், ஆசுப்பத்திரியிலை படுத்தாப் பிறகு காப்புறுதிக்காரன் காசு கட்டான். அங்கத்தைய ஒரு நாள் ஆசுப்பத்திரிச் செலவிலை இஞ்சை ஒரு கிணறு வெட்டலாம்.

பயணம் எண்டால் கட்டுநாயக்காவிலை உமக்கு வீல் செயார் சொல்லி வைச்சிருப்பா மகள். நேற்று மருதனார்மடம் மட்டும் சைக்கிள் மிதிச்ச மனிசன், அங்கை போய் நொண்டி மாதிரி இருக்கவேணும். வெக்கப்படாதையும், வரிசை இல்லை, வழி தெரியேல்லை எண்ட கவலையும் இல்லை. ஆனால் தீர்வையில்லாக் கடையைக் கண்டவுடனை எழும்பி ஓடாதையும். தள்ளிக்கொண்டு வாற பெடியனுக்கு நெஞ்சடைக்கும். ரொறொன்ரோவிலை அதிகாரி ‘ஏன் வந்தனீர்?’ எண்டு கேட்டால், ‘மகளையும் பேரனையும் பாக்க’ எண்டதோடை நிறுத்தும். கேட்ட அளவுக்குத்தான் பதில். இலவசக் கல்வி எப்பிடிச் சீரழிஞ்சது எண்ட உம்மட விரிவுரை அவனுக்கு வேண்டாம்.

இவ்வளவுக்கும் நீர் திட்டம் போட்டிட்டீர். ஒண்டுக்குப் போடேல்லை. அங்கை காலமை எட்டு மணிக்கு எல்லாரும் வேலைக்குப் போனாப் பிறகு பின்னேரம் ஐஞ்சு மட்டும் என்ன செய்யப் போறீர்? பெட்டியிலை அதுக்கு ஒரு சாமானும் இல்லை. ரிவியைப் பாத்துக்கொண்டிருந்தால் ரெண்டாம் கிழமை வியாதி வரும், மூண்டாம் கிழமை ‘என்னை அனுப்பிவிடு’ எண்டு அழுகை வரும். போன முதல் கிழமையே பஸ் ஏறப் பழகும். கிட்ட இருக்கிற நூலகத்தைக் கண்டுபிடியும். ரொறொன்ரோ நூலகங்களிலை தமிழ்ப் புத்தகம் வைச்சிருக்கினம், இருந்து வாசிக்க ஒருத்தரும் காசு கேளார். அங்கை உம்மைப் போலை நாலு ஓய்வு பெற்ற அதிபர்மார் கட்டாயம் இருப்பினம். ஆளாளுக்கு இடாப்புக் கூப்பிட்டு மகிழுங்கோ.

வீட்டிலை மருமோன்ர சம்பளம், வீட்டுக் கடன் ரெண்டும் கேளாதையும். கடுகு தாளிச்சால் புகைக்குக் கூரையிலை மணி அடிக்கும். அது பூசை மணி இல்லை, யன்னலைத் திறக்கச் சொல்லி மனிசிக்குச் சொல்லும். எனக்குக் கோல் எடுக்கிறதெண்டால், கோடையிலை நாங்கள் ஒன்பதரை மணித்தியாலம் முன்னுக்கு, மாரியிலை பத்தரை. கணக்கு வாத்தியார் நீர், நடுச்சாமத்திலை எழுப்பி ‘சாப்பிட்டீங்களோ அண்ணை’ எண்டு கேளாதையும்.

போக முன்னம் பென்சன் அலுவலையும் முடியும். வருசா வருசம் நீர் உயிரோடை இருக்கிறீர் எண்டு உயிர்வாழ்ச் சான்றிதழ் குடுக்கவேணும். தவறினால் நீர் ஸ்காபரோவிலை கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை, இஞ்சை அரசாங்கக் கணக்கிலை உம்மட கதை முடிஞ்சிருக்கும். எந்த மாசம், எந்தப் படிவம், அங்கத்தைய இலங்கைத் துணைத் தூதரகத்திலை எப்பிடி ஒப்பம் வாங்கிறது எண்டு பிரதேச செயலகத்திலை இப்பவே கேட்டு வையும்.

கடைசியாய் வளவு. திரும்பி வாற மனிசனுக்குப் பெட்டியைவிட இதுதான் முக்கியம். கிணத்து மோட்டரைக் கிழமைக்கு ஒருக்கால் ஓடவிட ஆள் பிடியும். திறப்பு ஒண்டை நம்பின இடத்திலை குடும். வேலியைப் பாரும், கிழக்குப் பக்கம் கதியால் எல்லாம் உக்கிப்போச்சு. யாழ்ப்பாணத்திலை ஆள் வெளிநாடு போனால் வேலி நடக்கத் தொடங்கும். அரைச் சாண் நிலத்துக்கு மூண்டு தலைமுறை கோட்டுக்கு ஏறி இறங்கின ஊர் இது. உறுதியின்ர கொப்பி ஒண்டை மகளுக்கு அனுப்பும், எல்லைக்கல்லைப் படம் எடுத்து வையும்.

எண்டாலும் நீர் வீணாய்க் கவலைப்படாதையும். கிழக்குப் பக்க வளவுக்காரன் நான்தானே. நீர் பிளேன் ஏறின அடுத்த கிழமையே புதுக் கதியால் போட்டு வடிவாய் அடைச்சு வைக்கிறன், கூலியும் வேண்டாம். ஆறு மாசத்தாலை வந்து பாக்கேக்கை வளவு கொஞ்சம் சின்னனாய்த் தெரிஞ்சால் பயப்படாதையும், தம்பி. கனடா மாதிரிப் பெரிய நாட்டைப் பாத்திட்டு வாற எல்லாருக்கும் அப்பிடித்தான் தெரியுமாம்.