பதினேழாம் வாய்ப்பாடும் வீட்டுக்கல்விப் பெற்றோரும்: ஓர் ஆய்வு முன்னுரை

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே பொறுப்பேற்றுப் படிக்க வைக்கும் முறைக்கு வீட்டுக்கல்வி என்று பெயர். இம்முறையைத் தேர்ந்துகொண்டவர்கள் பாடநூலுக்கோ கரும்பலகைக்கோ அலைந்ததாகத் தெரியவில்லை. அவை கடையில் கிடைக்கின்றன. நாள்தோறும் கேளாமலே வந்து குவியும் ஊக்கமொழிகளையும் அறிவுரைகளையும் எங்கே போட்டுவைப்பது என்பதே அவர்களுடைய இடநெருக்கடி. அத்தகைய பெற்றோருக்கு மெய்யாகவே பயன்படக்கூடிய ஓர் அறிவுரையை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். அது சிறியது, இரண்டு வரிக்குள் அடங்குவது. ஆயினும், ஒன்றைப் புதிதாகச் சொல்லுமுன் ஏற்கெனவே வழக்கில் உள்ளவற்றை வகைப்படுத்திக் காட்டுவது ஆய்வு மரபு என்பதாலும், சென்ற ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்துத் திருமண மண்டபம் ஒன்றில் நிகழ்ந்தது கட்டுரையாளருக்கு இன்றுவரை செரிக்கவில்லை என்பதாலும், வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

வழக்கில் உள்ளவற்றுள் முதல் வகை பாராட்டு. "உங்களுக்கு ரொம்பப் பொறுமைங்க, எங்களால எல்லாம் முடியாதுப்பா" என்பது இதன் நிலையான வடிவம். இவ்வாக்கியத்தின் முற்பகுதி விருந்தோம்பல், பிற்பகுதி நிம்மதிப் பெருமூச்சு என்று பிரித்துப் பொருள் கொள்ள வேண்டும். இதைச் சொல்பவர், தம் பிள்ளையைக் காலை ஏழேகாலுக்கு வேனில் ஏற்றிவிட்டு வந்து குடிக்கும் இரண்டாம் காப்பியை மனத்தில் வைத்தே சொல்கிறார்.

இரண்டாம் வகை மேற்கோள் வகை. பள்ளிக்குப் போகாமலே பெரியவர்களானோர் பட்டியல் ஒன்று நாட்டில் புழங்குகிறது. அதில் எடிசன், தாகூர், ராமானுஜன் ஆகிய மூவரும் மாறாமல் இடம்பெறுவர். எடிசன் சில மாதங்களே பள்ளிக்குச் சென்றார் என்பதும், முன்னாள் ஆசிரியையான அவருடைய தாயே அவருக்குப் பாடம் சொன்னார் என்பதும் உண்மை. தாகூருக்குப் பள்ளி பிடிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவர் 1901இல் சாந்திநிகேதனில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார் என்பதை ஊக்கமளிப்போர் எடுத்துரைப்பதில்லை. ராமானுஜனோ கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் ஒழுங்காகப் படித்துத் தேறியவர். அவர் தவறியது பின்னர்க் கல்லூரியில், அதுவும் கணக்கல்லாத பாடங்களில். இருந்தும் பட்டியலிலிருந்து அவரை நீக்க எவருக்கும் மனம் வருவதில்லை.

மூன்றாம் வகை எச்சரிக்கை வகை. "போலீஸ் கேஸ் ஆயிடும், பாத்துக்கோங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லப்படுவது இது. 2002இல் நிறைவேறிய 86ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழி ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. அதற்கென 2009இல் இயற்றப்பட்ட சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பிள்ளையை அருகமைப் பள்ளியில், அதாவது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பள்ளியில், சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் பத்தாம் பிரிவு கூறுகிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை இன்னதென்று சட்டம் கூறவில்லை. இந்த இடைவெளியில்தான் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் குடியிருக்கின்றன. 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிந்துகொண்டு, பதினான்கு வயது நிரம்பிய பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வை நேரடியாக எழுதலாம் என்பதும், ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு என்பதும் எச்சரிப்போருக்கு எடுத்துச் சொல்லப்படும். அவர்கள் கேட்டுக்கொண்டு, "என்ன இருந்தாலும்..." என்பார்கள். அவ்வாக்கியம் அதற்கு மேல் போனதில்லை.

நான்காம் வகை, "நாலு பேரோட பழக வேணாமா?" என்னும் வினா. கும்பகோணத்தில் இவ்வினா எழுப்பப்பட்டபோது, கட்டுரையாளரின் ஒன்பது வயது மகள், நானூறு பேர் கூடிய மண்டபத்தில், முன்பின் அறியாத இரு பெண்மணிகளுக்கு நடுவே அமர்ந்து, அவர்களுள் ஒருவருடைய மூட்டுவலிக்கு என்ன தைலம் தேய்க்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள் என்பது பதிவு செய்யத்தக்கது.

ஐந்தாம் வகையே இவ்வாய்வின் மையம். இதில் அறிவுரை சொல்லப்படுவதில்லை. பிள்ளை சோதிக்கப்படுகிறது, பெற்றோர் தேர்ச்சி பெறத் தவறுகின்றனர். பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் இனிப்பும் வைத்துப் போன பின், சோறு வருவதற்கு இடைப்பட்ட நான்கு நிமிடங்களில் இது நடைபெறும். மணமகளுக்குத் தாய்மாமன் முறையுள்ள பெரியவர் ஒருவர், "எத்தனாவது படிக்கிறே பாப்பா?" என்று தொடங்கினார். தமிழ்நாட்டில் ஒரு பிள்ளையைக் கண்டால் இதைக் கேட்காமல் இருப்பது மரியாதைக்குறைவு என்பதால் அவரைக் குறைசொல்ல முடியாது. "ஸ்கூலுக்குப் போகலை தாத்தா, வீட்டுல படிக்கிறேன்" என்னும் விடை வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா, சொல்லு பாப்போம். பதினேழெட்டு?"

இங்கே பதினேழு என்னும் எண்ணைப் பற்றி ஓரிரு சொற்கள் கூறுவது இன்றியமையாதது.

சோதனைக்கு எடுக்கப்படும் வாய்ப்பாடு ஏன் எப்போதும் பதினேழாக இருக்கிறது என்பது இதுவரை ஆராயப்படாத துறை. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்குப் பயன் உண்டு. டசன் கணக்கில் வாழைப்பழம் வாங்கும் நாடு இது. பதினாறுக்கு அதைவிடப் பெருமை உண்டு; ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலத்தில் அது தெரியாதவன் சந்தைக்குப் போய் முழுதாகத் திரும்ப முடியாது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில், அதாவது ஆசிரியர் வீட்டுத் திண்ணையே வகுப்பறையாக இருந்த பழைய பள்ளிகளில், எண்சுவடி என்னும் கணக்குச் சுவடியைப் பிள்ளைகள் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தனர்; அதில் இருபதில் ஒரு பங்கான மாவும், எண்பதில் ஒரு பங்கான காணியும், முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரியும் உண்டு. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, அது பதினாறில் ஒரு பங்கு, அதாவது ரூபாயில் ஓர் அணா. இப்படி எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நின்றது. 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயம் வந்து அணாவை ஒழித்தது. (கல்விச் சட்டம் வந்ததும் ஓர் ஏப்ரல் 1 என்பதை நோக்கினால், இந்நாட்டில் கணக்கையும் கல்வியையும் திருத்துவதற்கு அந்நாளே உகந்தது போலும்.)

ஆனால் பதினேழு எதற்கும் உதவியதில்லை. அணாவுக்கும் உதவவில்லை, பைசாவுக்கும் உதவவில்லை. பதினேழு பழம் கொண்ட சீப்பு என்று ஒரு கணக்கு இல்லை. பதினேழு பலம் கொண்ட எடைக்கல் இல்லை. பதினேழு முழத்தில் ஒரு சேலை இல்லை. தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண்ணாகிய அது, பிறர் வீட்டுப் பிள்ளைகளை மடக்குவதற்கென்றே படைக்கப்பட்டது என்று கொள்ளவே இடமுண்டு. பதின்மூன்றும் பகா எண்தான் எனலாம். ஆனால் பதின்மூன்றைப் பிள்ளை சொல்லிவிடக்கூடும். பத்தொன்பதைக் கேட்டால், அது இருபதுக்கு ஒன்று குறைவு என்னும் குறுக்குவழியைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும் ஆபத்து இருக்கிறது. பதினேழில் ஆபத்தில்லை. அதிலும் பதினேழைந்து என்றோ பதினேழு பத்து என்றோ எவரும் கேட்டதாக வரலாறு இல்லை. ஏழு அல்லது எட்டு, கேட்பவர் இரக்கமற்றவராயின் ஒன்பது. அத்துடன், விடை சரியா தவறா என்று எக்காலத்தும் அறிவிக்கப்படாத தேர்வு இது ஒன்றே. ஏனெனில் அறிவிக்க வேண்டுமானால் கேட்டவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

கும்பகோணத்துத் தேர்வுக்குத் திரும்புவோம். சிறுமி வலக்கையின் ஆள்காட்டி விரலால் இலையில் தெளித்த நீரில் ஏதோ கோடு இழுத்தாள். பத்துப் பதினேழு நூற்றெழுபது, அதில் இரண்டு பதினேழைக் கழித்தால் போதும் என்பது அவளுடைய வழி என்று பின்னர் வீட்டில் தெரியவந்தது. அந்தக் கோடு பாதியில் இருக்கும்போதே பெரியவர் திரும்பி, சிறுமியைப் பார்க்காமல் அவளுடைய தந்தையைப் பார்த்து, "யோசிக்கிறா பாருங்க" என்றார். காய்ச்சலைக் கண்டுபிடித்த வைத்தியரின் குரல் அது. "வாய்ப்பாடுன்னா யோசிக்கவே கூடாது தம்பி. டக்குனு வரணும். ராமானுஜன் பிறந்த ஊர்ல உக்காந்துகிட்டு..." என்று அவர் தொடர்ந்தபோது சோறு வந்தது. ராமானுஜன் 1887இல் பிறந்தது ஈரோட்டில், வளர்ந்ததே கும்பகோணத்தில் என்னும் திருத்தம் கட்டுரையாளரின் தொண்டைவரை வந்து, பருப்பும் நெய்யும் விழுந்ததால் உள்ளே போயிற்று. நான்கு நாளாக அங்கேயே இருக்கிறது. "நூத்தி முப்பத்தாறு" என்று சிறுமி சொன்னது பெரியவருக்குக் கேட்கவில்லை. அவர் சாம்பார் வாளியை அழைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை, சமையல்காரருக்குக் கணக்கு முடிக்கும் பொறுப்பு அதே பெரியவரிடம் இருந்தது. 412 இலைகளை இலை விலையால் பெருக்க அவர் செல்பேசியை எடுத்தார், ஒருமுறை தட்டினார், நம்பிக்கையில்லாமல் மறுமுறையும் தட்டினார், பிறகு கண்ணாடியை மாற்றிக்கொண்டு மூன்றாம் முறை தட்டினார். "யோசிக்கிறார் பாருங்க" என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லும் வயதும் துணிவும் கட்டுரையாளருக்கு வாய்க்கவில்லை.

இத்தகைய நேரங்களில் நூல்களில் ஆறுதல் தேடுவது வீட்டுக்கல்விப் பெற்றோரின் வழக்கம். அவர்கள் பெரிதும் போற்றும் ஜான் ஹோல்ட், ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக இருந்து பள்ளியின்மேல் நம்பிக்கை இழந்து, 1977இல் 'குரோயிங் விதவுட் ஸ்கூலிங்' என்னும் இதழைத் தொடங்கிய அமெரிக்கர். பிள்ளையை நம்புங்கள் என்பதே அவர் பெற்றோருக்கு ஓயாது வழங்கிய ஊக்கம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. இது குறையாகச் சொல்லப்படவில்லை. பிள்ளைகள் இருந்தால் இவ்வளவு தெளிவாக எழுத நேரம் கிடைத்திருக்காது என்று மட்டும் குறிப்பிடப்படுகிறது.

வீட்டுக்கல்வியாளரிடையே வழங்கும் மற்றொரு கருத்து, பள்ளிப் பழக்கம் தெளிதல் என்பது. பள்ளியை விட்டு வந்த பிள்ளை, படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதம் என்னும் கணக்கில், எதையும் திணிக்காமல் சும்மா விடப்பட வேண்டும் என்று இதற்கு விளக்கம் கூறுவர். இதே கணக்கைப் பெற்றோருக்கும் பொருத்திப் பார்ப்பது தகும். பள்ளியில் பன்னிரண்டு, இளங்கலையில் மூன்று, முதுகலையில் இரண்டு ஆண்டுகள் கழித்த ஒருவருக்கு எத்தனை மாதம் என்று கூட்டிப் பார்த்த கட்டுரையாளர், விடை பதினேழாக வந்தது கண்டு தாளைக் கசக்கி எறிந்தார்.

கட்டுரையாளர் தெளிந்தபாடில்லை என்பதற்கு வேறு சான்றும் உண்டு. திங்கட்கிழமை காலை மின்தூக்கியில் எதிர்வீட்டுச் சிறுவனைக் கண்டதும், "எத்தனாவது படிக்கிறே தம்பி?" என்று அவர் வாய் தானாகக் கேட்டது, போன வாரமும் அதே சிறுவனிடம் அதே மின்தூக்கியில் கேட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை, கட்டுரையாளர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மாம்பழ வடிவக் காந்தம் ஒன்றின் அடியில், பதினேழாம் வாய்ப்பாடு தோன்றியது. மனப்பாடக் கல்வி வேண்டாமென்று மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய வீட்டில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியவர் யார் என்பதைக் கையெழுத்தே காட்டிக்கொடுத்தது.

நேற்று மாலை சிறுமி தண்ணீர் எடுக்கச் சென்றவள், கதவைத் திறந்து பிடித்தபடி அத்தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கரண்ட் போகிறதே என்று உள்ளிருந்து அவள் தாய் குரல் கொடுத்தார். "அப்பா, இங்க பாரேன், கடைசி நம்பர் மட்டும் பாரு. ஏழு, நாலு, ஒண்ணு, அப்புறம் எட்டு, அஞ்சு, ரெண்டு... மூணு மூணாக் குறையுது. பூஜ்யத்துலேர்ந்து ஒம்பது வரைக்கும் எல்லாம் ஒரு தடவைதான் வருது. ஏம்ப்பா?"

ஏன் என்று கட்டுரையாளருக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்கவோ, அடுத்த விசேஷத்துக்கு நாள்களை எண்ணிக்கொண்டிருந்த பதற்றத்தாலோ, அவர் சொன்ன விடை இது: "அதெல்லாம் அப்புறம் யோசிக்கலாம்மா. மொதல்ல டக்குனு சொல்லு, பதினேழெட்டு?"

சிறுமி அவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். காந்தம் கீழே விழுந்தது.

தொடக்கத்தில் வாக்களிக்கப்பட்ட இரண்டு வரி அறிவுரைக்கு இப்போது இடம் போதவில்லை. அது அடுத்த பகுதியில் தரப்படும். அதற்குள் அதே குடும்பத்தில் ஒரு வளைகாப்பு வருகிறது, அழைப்பிதழ் வந்துவிட்டது, பெரியவர் பெயர் அதில் தடித்த எழுத்தில் இருக்கிறது. பாதுகாப்பு கருதிப் பத்தொன்பதாம் வாய்ப்பாடும் எழுதப்பட்டு வருகிறது.