ஸ்டார் ட்ரெக் அண்ணை

நயினை நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறுகிறது என்றால் குறிகட்டுவான் துறையில் கனடா அண்ணைமார் வந்து குவிவார்கள். ரொறன்ரோ வீட்டுவிலை சொல்லுகிறவர், சலரோகத்துக்கு வைத்தியம் சொல்லுகிறவர், ஊர்ச் சங்கத்தைத் திருத்த வந்தவர் என்று பலவகை. நான் சொல்ல வந்தது அருமையாக அகப்படும் வகை: ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் ஊறிய ஸ்டார் ட்ரெக் அண்ணை.

ஆளைப் பிடிப்பது சுலபம். வேட்டிக்கு மேலே, இடது நெஞ்சில் அம்புமுனைச் சின்னம் போட்ட ரீசேட். கோயில் வாசலில் கழற்ற வேண்டிவந்தாலும் சின்னம் வெளியே தெரியும்படிதான் மடிப்பார்.

வள்ளத்துக்கு வரிசையில் நிற்கும் நேரம் அவருக்குப் பிரசங்க நேரம்.

"தம்பி, ஆளை இஞ்ச மறைச்சு அங்கால இறக்கிற மெசின் ஏன் வந்தது தெரியுமே? 1966இல, கப்பல் ஒவ்வொரு கிரகத்திலயும் இறங்கிறதைப் படம்பிடிக்க அவங்களிட்டக் காசில்லை."

காசில்லாமல் பிறந்த சாமான், காசில்லாத எங்களுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. வள்ளக்காரர் "இன்னும் ரெண்டு பேர் நெருங்கி இருங்கோ" என்கிறார்.

மூன்றே வருடத்தில், 79 பாகங்களோடு நிறுத்தப்பட்ட முதல் தொடர்தான் அண்ணைக்கு வேதம். கப்டன் கேர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் மொன்றியலில் பிறந்தவர், எஞ்சினியர் ஸ்கொட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன் வான்கூவரில் பிறந்தவர். "எங்கட பெடியள்" என்பார். ஆனால் 2017இல் தொடங்கிய டிஸ்கவரி என்ற ட்ரெக் தொடர், அண்ணை வரிகட்டும் ரொறன்ரோவிலேயே எடுக்கப்பட்டது. அது மட்டும் எங்கட இல்லை. "அது ட்ரெக்கே இல்லை!"

காரணம், கிளிங்கன் நெற்றி. முதல் தொடரில் அந்த முரட்டு இனத்தாருக்கு எங்களைப்போல் சாதாரண நெற்றி. 1979 படத்தில் நெற்றியில் மேடு முளைத்தது, அண்ணை பொறுத்துக்கொண்டார். 2017இல் தலைமயிரும் போனது. அண்ணைக்கு நித்திரை போனது. 2019இல் மயிர் திரும்பி வந்தது, போர்க்காலத்தில் மழித்திருந்தார்களாம். "சாட்டு" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்.

ஊரிலும் எதுவும் மாறக்கூடாது அவருக்கு. நெடுந்தீவின் கல்வேலிகளில் ஒரு கல்லும் அசையக்கூடாது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் பாதை என்கிற மிதவைதான் ஓடவேண்டும், பாலம் போட்டால் வடிவு கெட்டுவிடும். வருடத்தில் மூன்று கிழமை அதில் ஏறுகிறவரின் கருத்து இது. அவருடைய சொந்த வளவுக்கு ஆளுயர மதிலும் ரிமோட்டில் திறக்கும் கேற்றும் வந்துவிட்டன. கேட்டால் "அது பாதுகாப்புக்கு" என்பார்.

அவர் கண்கலங்குவது வொயேஜரில்தான். 1995 தை மாதம் தொடங்கிய தொடர். வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளித் தூக்கியெறியப்பட்ட கப்பல். திரும்பிவர 75 வருடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவைவிட்டு இடம்பெயர்ந்தவருக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கண் கலங்கினாலும் கணக்கு விடமாட்டார். கப்பலில் 38 டோர்பிடோதான், முடிந்தால் வேறில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, ஏழு வருடத்தில் அதற்கு மேலாகவே சுட்டுத் தள்ளினார்கள். ஒவ்வொன்றையும் அண்ணை எண்ணி வைத்திருக்கிறார். எங்கள் கோயில் கணக்கை அவரிடம் கொடுத்திருந்தால் இவ்வளவு பிரச்சினை வந்திராது.

ஆறாத கோபம் 2001இல் வந்த கடைசிப் பாகத்தில். "பூமி கண்ணுக்குத் தெரியுது, அதோட முடிச்சுப்போட்டாங்கள்! ஊருக்கு வந்து இறங்கினது, ஆர் வந்து கட்டிப்பிடிச்சது, அதுக்குப் பிறகு என்ன நடந்தது, ஒண்டும் காட்டேல்லைத் தம்பி!"

வரிசையில் முன்னுக்கு நின்ற ஆச்சி, அதுவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், திரும்பினார்.

"அதில காட்ட என்ன மோனை கிடக்கு? காணி எல்லைக்கு அடிபட்டு ஊர்காவற்றுறைக் கோட்டுக்கு அலைஞ்சிருப்பினம்."

அண்ணை ரீசேட்டை இழுத்துச் சரிசெய்தார். நாளைக்கு அவருக்கு அங்கேதான் தவணை.