சிஸ்டம் அண்ணாச்சி

ஊருக்கு ஒரு சிஸ்டம் அண்ணாச்சி உண்டு. கயத்தாற்றில் அவரைத் தேடி அலைய வேண்டாம். ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் சிபியூவின் பக்கத் தகட்டைக் கழற்றினால் போதும், வந்து நிற்பார். எங்கே படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர் இருக்கிறதே, அதற்கு மேல் என்ன சான்றிதழ்?

வடக்கே போனால் கோவில்பட்டி, தெற்கே போனால் திருநெல்வேலி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் ஒரு சிஸ்டத்துக்குள் இரண்டு கம்பெனி ரேம் சேர்வது இயல்புதானே? கடைக்காரத் தம்பி முன்பு கோவில்பட்டியில் வாங்கியது கிங்ஸ்டன் 4 ஜிபி. ஆதார் பக்கமும் பட்டா பக்கமும் ஒன்றாகத் திறந்தால் சிஸ்டம் மூச்சு வாங்குகிறதே என்று, இப்போது நெல்லையில் குரூஷியல் 4 ஜிபி வாங்கி வந்து மாட்டினார். டிஸ்ப்ளே வரவில்லை. பீப், பீப் என்று சத்தம்தான்.

அண்ணாச்சி ஆஜர். இரண்டு ரேமையும் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“வேற வேற கம்பெனியைச் சேத்துப் போட்டா ஒத்துப் போகுமாவே? மதர்போர்டு அடிச்சிரும். நான் சொல்லுததைக் கேளும்.”

ஸ்டிக்கரில் கம்பெனி பெயரைப் படித்தவர், பக்கத்திலேயே இருந்த டிடிஆர்4 என்பதைப் படிக்கவில்லை. பொருத்தம் அங்கேதான் இருக்கிறது. டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4-க்கு 1.2 வோல்ட். பள்ளம் இருக்கும் இடமே வேறு என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. ஒரே வகையாக இருந்து வேகம் மட்டும் மாறினால், 2666-உம் 2400-உம் சேர்ந்து 2400-இல் ஓடும். எதுவும் அடித்துப் போகாது.

கம்பெனிக் கதை இன்னும் வேடிக்கை. உலகத்து ரேம் சிப்புகளில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பேர். குரூஷியல் என்பது மைக்ரான் தன் சரக்குக்கு வைத்த பெயர். கிங்ஸ்டன், சிப்பை வெளியே வாங்கிப் பலகையில் பதித்து விற்கும் கம்பெனி. ஆகவே இரண்டு பெயருக்குள்ளும் ஒரே சிப் இருக்கலாம். ஒரே பெயரில் வாங்கிய இரண்டுக்குள் வேறு வேறு சிப்பும் இருக்கலாம். தம்பி இதைச் சொன்னதற்கு அண்ணாச்சி, “அதெல்லாம் நெட்ல போடுவான்” என்று முடித்துவிட்டார்.

பிறகு ஒரு பென்சில் ரப்பரை எடுத்தார். கிங்ஸ்டனின் தங்க நிறக் கால்களை இரண்டு பக்கமும் தேய்த்தார், துகளை ஊதினார், இரண்டு ஓரக் கிளிப்பும் ‘டக்’கென்று பூட்டும்வரை அழுத்தினார். டிஸ்ப்ளே வந்தது.

“பாத்தீரா? அந்தக் கம்பெனியை வெளிய எடுத்ததும் ஓடுது!”

தம்பி பேசவில்லை. அதே ரப்பரை வாங்கினார், குரூஷியலையும் தேய்த்தார், மாட்டினார். திரையில் 8 ஜிபி.

அண்ணாச்சி அசரவில்லை. “இப்பப் பழகிருச்சி” என்றார். 1799-இல் கட்டபொம்மன் தூக்குக் கயிற்றின் முன்னும் பணியாமல் நின்ற ஊர் இது. ஒரு ரேமுக்காகவா கருத்தை மாற்றிக்கொள்வார்? “காத்தாடி சுத்துத ஊரு, வோல்டேஜ் ஏறி இறங்கும். எதுக்கும் நாளைக்கு வந்து பாக்கேன்.”

நியாயமாகச் சொன்னால், அவர் பயத்தில் ஒரு துளி உண்மை உண்டு. எல்லாம் பொருந்தியும் சில ஜோடிகள் முரண்டு பிடிக்கும். சிஸ்டம் திடீரென்று நீலத்திரை காட்டும். அதனால் ரேம் வாங்கப் போகிறவர்கள் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். வகை, வேகம் பார்த்து வாங்குங்கள். சேரவில்லையென்றால் மாற்றித் தருவாரா என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். மாட்டியபின் ஓர் இரவு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும்.

அண்ணாச்சிக்கும் ஒரு டீ சொல்லிவிடுங்கள். அவர் சொல்லும் காரணம் தப்பாக இருக்கலாம்; ரப்பர் அவரிடம்தான் இருக்கிறது.