காக்கைக்குத் தடையில்லை

ஓசூர் பக்கத்து உத்தனப்பள்ளியில் நின்று பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டரில் பதில் வராது. "சில்க் போர்டுல டிராஃபிக் எப்படியாம்?" என்று எதிர்க்கேள்விதான் வரும். காக்கை நேராகப் பறந்தால் சுமார் 70 கிலோமீட்டர். காக்கைக்கு சில்க் போர்டு கிடையாது.

இரண்டு ஊர்களின் விவகாரம் பழசு. தேவனஹள்ளிக்காரரான திப்பு சுல்தானை அடக்க வந்தவர் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ். அமெரிக்காவின் யார்க்டவுனில் தோற்றபோது, சரணடையும் அன்று உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, வாளைத் துணைத்தளபதியிடம் கொடுத்தனுப்பிய அதே பிரபு. 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனார். இழுவை மாடுகள் செத்து விழ, தன் பீரங்கிகளைத் தானே உடைத்துப்போட்டுவிட்டுத் திரும்பினார். அப்புறம்தான் தளவாடம் வர வழி வேண்டுமே என்று புத்தி வந்தது. ஜூலையில் ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தார்கள். நடுவில் இருக்கிற உத்தனப்பள்ளியிடம் தடையில்லாச் சான்று கேட்டிருக்க மாட்டார்கள். திப்புவின் ராக்கெட் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் பறந்தது. அதற்கும் யாரும் அனுமதி கேட்கவில்லை.

கேட்கிற காலம் 2004 ஜூலையில் வந்தது. பெங்களூரு விமான நிலைய நிறுவனத்துடன் மத்திய அரசு ஓர் ஒப்பந்தம் போட்டது. நிலையம் திறந்து 25 ஆண்டுகள் வரை, வான்வழியில் 150 கிலோமீட்டருக்குள் வேறு பன்னாட்டு விமான நிலையம் கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. இரண்டும் கர்நாடகத்தில் இருப்பது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாம் வட்டத்துக்குள் மாட்டின. சேலம் விமான நிலையம் பத்துப் பதினோரு கிலோமீட்டரில் தப்பியது.

ஓடுபாதை இல்லாமலா இந்தக் கதி? ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் ஏழாயிரம் அடியில் தனியார் ஓடுபாதை ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. பழுது பார்க்க விமானம் வரலாம். பையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போனால் பயணிகள் சேவை கிடையாது. ஓசூர் ரோஜா காதலர் தினத்துக்கு வெளிநாடு பறக்கிறது, ஆனால் முதலில் தேவனஹள்ளிக்கு லாரியேற வேண்டும்.

2024 ஜூன் 27 அன்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓசூர் விமான நிலையத்தை அறிவித்தார்: 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள். சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் கேட்டே அலுத்துப்போன உத்தனப்பள்ளி விவசாயிக்கு, ஏக்கர் என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்கும்.

என்னைக் கேட்டால், தூரத்தை அளக்க வேண்டியவர்கள் தரையில் போகிறவர்கள். இங்கே பறக்கிறவர்கள் அளந்தார்கள். தேவனஹள்ளி நிலையம் திறந்தது 2008 மே மாதம். ஒப்பந்தப்படி கெடு 2033 மே. அதுவரை உத்தனப்பள்ளியிலிருந்து விமானம் பிடிக்கிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.