கிரிவலப் பாதையின் வள்ளல்

பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எந்த லாட்ஜ் போர்டைப் பார்த்தாலும் போன் நம்பருக்குக் கீழே நீ இருக்கிறாய், இலவச மின்னஞ்சல் முகவரியே. 2004 ஏப்ரல் 1 அன்று ஒரு ஜிபி இடத்தோடு கொடுக்கத் தொடங்கிய ஜிமெயிலின் கை, இன்று 15 ஜிபி கொடுக்கிறது. எங்கள் ஊரில் யாரிடமும் ஒரு பைசா கேட்டதில்லை. பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் அறை கேட்டு எந்தெந்த நாட்டிலிருந்தோ வரும் கடிதங்களை இரவு பகல் பாராமல் வாங்கி வைக்கிறாய். உன்னைப் புகழாமல் எப்படி இருப்பது?

முதலில் உன் அடக்கம். அருணாச்சலா, அண்ணாமலை, ரமணா என்று நான்கைந்து பெயர்களுக்குள்தான் எங்கள் ஊர் லாட்ஜும் கடையும் பிழைக்கின்றன. அந்தப் பெயர்களை உலகத்தில் யாரோ எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நீ சண்டை போடவில்லை. பெயருக்குப் பின்னால் நான்கு எண்களைச் சேர்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றாய். விருந்தாளி ஓர் எண்ணை மாற்றி அடித்தாலும் பல நேரம் கடிதம் திரும்பி வந்து அவரைச் சங்கடப்படுத்துவதில்லை. அதே பெயரில் எங்கோ இருக்கும் வேறொருவர் அன்போடு வாங்கிக்கொள்கிறார்.

அடுத்தது உன் சமதர்மம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். அதற்காகப் பாஸ்போர்ட் நகலையும் விசா நகலையும் பலர் முன்கூட்டியே உனக்கு அனுப்பிவிடுகிறார்கள். வருடக்கணக்கில் ஒன்றைக்கூட நீ தொலைத்ததில்லை. உன் பாஸ்வேர்டோ ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் ஓரத்தில், செல்லோ டேப் மஞ்சளாகிப்போன ஒரு துண்டுச் சீட்டில் இருக்கிறது. பகல் ஷிப்ட் பையனுக்கும் தெரியும், இரவு ஷிப்ட் பையனுக்கும் தெரியும், போன வருடம் நின்றுவிட்டவனுக்கும் தெரியும். முன்பின் தெரியாத மனிதர்களின் பாஸ்போர்ட்டை இத்தனை பேர் பார்க்கத் தருகிற தாராளம் யாருக்கு வரும்?

உன் நன்றியுணர்ச்சியை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. உன்னை உருவாக்கியவர் பழைய மேனேஜர், தன் சொந்தப் போன் நம்பரைக் கொடுத்து. அவர் இப்போது எதிர்வரிசை லாட்ஜில் இருக்கிறார். முதலாளி புதுப் போனில் உன்னைத் திறக்கப் பார்த்தால் ஓடிபி அந்தப் பழைய மேனேஜருக்குத்தான் போகிறது. "தம்பி, ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுப்பா" என்று முதலாளி கேட்க, "ஷிப்ட் முடிஞ்சதும் பாத்துச் சொல்றேண்ணே" என்று பதில் வருகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை உன்னைவிடச் சரியாகப் படித்தவர் இல்லை.

உனக்கு அண்ணன் ஒருவரும் உண்டு: டொமைன் வாங்கித் தரும் வெப் டிசைனர். லாட்ஜ் பெயரில் வெப்சைட் போட்டுக் கொடுத்து, டொமைனைத் தன் பெயரிலேயே பதிவு செய்து, பாஸ்வேர்டைத் தானே சுமந்து, புதுப்பிக்கும் தேதி முதலாளியின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பானவர். அவர் ஊர் மாறிப் போனால் பெயரும் அவரோடு போகும். வீட்டுப் பத்திரத்தைப் புரோக்கர் பெயரில் எழுதிவைத்த நிம்மதி இது.

சொந்த டொமைனோ பொல்லாதது. வருடா வருடம் வாடகை கேட்கும். டாட் இன் என்றாலும் டாட் காம் என்றாலும் கொடுத்தே ஆகவேண்டும். அதற்கு மேல் அஞ்சல் பெட்டி எங்கே என்று எம்எக்ஸ் ரெக்கார்டில் எழுதச் சொல்லும். நம் தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோ 2008 முதல் நடத்தும் ஜோஹோ மெயிலிலோ, கூகுளின் கட்டணச் சேவையிலோ, வேறெங்கோ வைக்கலாம். ஜோஹோவில் சின்ன நிறுவனங்களுக்கு இலவசத் திட்டமும் உண்டு. ஆனால் பிரவுசரிலும் அவர்கள் செயலியிலும்தான் பார்க்க முடியும், அவுட்லுக்கில் இழுக்க முடியாது. நாளை பிடிக்கவில்லை என்றால் எம்எக்ஸை மாற்றி வேறிடம் போகலாம். போர்டில் எழுதிய முகவரி அப்படியே இருக்கும். பெயிண்டருக்கு அந்த வேலையும் போச்சு.

சொந்த டொமைன் சந்தேகப் பேர்வழியும்கூட. இந்தப் பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு உரிமை என்று எஸ்பிஎஃப் கேட்கும். அதை ஒரே வரியாகத்தான் எழுத வேண்டும்; வெப்சைட் புக்கிங் படிவம் வேறு சர்வரிலிருந்து அனுப்பினால் அதையும் அதே வரியில் சேர்க்க வேண்டும், இரண்டாவது வரி போட்டால் இரண்டுமே கெடும். டிகிம் ஒவ்வொரு கடிதத்திலும் கையெழுத்து வைக்கும். இவை இரண்டில் ஒன்றுகூடப் பொருந்தாத கடிதத்தைத் தள்ளு என்று டிமார்க்கில் கட்டளையிடலாம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு யார் கடிதம் அனுப்பினாலும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். நீ இப்படியெல்லாம் முகம் சுளிப்பதில்லை. உன் பெயரோடு இன்னும் ஓர் எண்ணைச் சேர்த்து எவனாவது ஒரு முகவரி தொடங்கி, "அட்வான்ஸை இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று விருந்தாளிக்கு எழுதினால், அவனுக்கும் அதே 15 ஜிபி.

பெயரை எங்கே பதிவு செய்வது என்பதும் சின்ன விஷயமில்லை. 2018 செப்டம்பர் 24 அன்று, பிஷிங் புகார் வந்தது என்று சொல்லி ஜோஹோ டாட் காமையே அதன் பதிவு நிறுவனம் முடக்கிவிட்டது. ஜோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்க வேண்டியதாயிற்று. ஊருக்கெல்லாம் அஞ்சல் நடத்துகிறவருக்கே அந்த நிலை. போன் செய்தால் எடுக்கிற, லாட்ஜ் முதலாளியின் பெயரிலேயே கணக்கு வைத்துக்கொள்ள விடுகிற இடமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அங்கேதான், இலவச முகவரியே, உனக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. டொமைன் வாங்கிய கணக்கில் அதே டொமைனின் முகவரியைக் கொடுத்தால், பெயர் காலாவதியாகி முடங்கிவிட்டால் அதைச் சொல்லும் கடிதமும் வந்து சேராது. அதற்கு வெளியே நிற்கும் ஒரு முகவரி வேண்டும், நீ இரு. பாஸ்வேர்ட் முதலாளியிடம், மீட்பு எண்ணும் முதலாளியுடையது, துண்டுச் சீட்டு கிடையாது, போர்டில் உன் பெயரும் கிடையாது.